கொண்டுவராத மீன்

மீன்பிடி ஊரான பேசாலையில் பிறந்து வளர்ந்த ஒருத்தியிடம் போய், மீன் பிடித்தேன், பிடித்ததை ஆற்றிலேயே விட்டுவிட்டேன் என்று சொன்னால் நம்புவாளா? மெற்றில்டா நம்பவில்லை. பதினொரு வருடமும் நம்பவில்லை.

அவள் புருசன் றொனால்ட், கடல் தாண்டி வந்து குடியேறிய டூட்டிங்கில் பஸ் ஏறி வாண்டில் ஆற்றுக்குப் போவார். இறகையும் நூலையும் சுற்றி ஈ மாதிரிக் கட்டிய தூண்டில், இடுப்புவரை ரப்பர் காற்சட்டை, கூடவே கூட்டாளி ஜெராட். பின்னேரம் வெறுங்கையோடு வந்து நிற்பார்.

"இண்டைக்கு ஒரு ட்ரவுட், முழங்கை நீளம்."

"எங்க?"

"விட்டிட்டன். எங்கட தூண்டில் கிளப்பில அதுதான் சட்டம்."

"சட்டிக்கு வராதது மீனில்லை, கதை," என்றுவிட்டு, அவள் கடையில் வாங்கிய விளைமீனை வெட்டத் தொடங்குவாள். ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போதும் இதைச் சொல்லிச் சிரிப்பாள். சனமும் சிரிக்கும், அவரும் சிரிப்பார்.

தை மாதம் றொனால்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழும்பவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தச் சிரிப்பு அவளை அரிக்கத் தொடங்கியது. ஒருவேளை அவர் சொன்னது உண்மையாக இருந்தால்? கட்டிய புருசனை நாலு பேர் முன்னால் பொய்யனாக்கி அனுப்பிவிட்டேனோ என்று நித்திரை கெட்டாள். வைகாசியில் ஜெராட்டுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, என்னை ஒருக்கா அங்க கூட்டிக்கொண்டு போவியோ?"

ஆறு அவள் நினைத்ததில் பாதிகூட இல்லை. ஊற்றுத் தண்ணீர், அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம். பக்கத்தில் ட்ராம் போனது. 'இதுக்குள்ள மீனோ?' என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். றொனால்டின் ரப்பர் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு ஜெராட்டுக்குப் பக்கத்தில் தண்ணீரில் நின்றாள். ஜெராட் வீசினான், வீசினான், இரண்டு மணித்தியாலம் போனது.

திடீரென்று தூண்டில் தடி வளைந்தது. அவன் அதை அவள் கையில் திணித்தான்.

"இழுக்காதேங்கோ அக்கா, ஓட விடுங்கோ!"

கடைசியில் மீன் அவள் கைக்கு வந்தது. மஞ்சள் வயிறு, சிவப்புப் புள்ளி. முழங்கை நீளமெல்லாம் இல்லை, ஒரு சாணும் நாலு விரலும். பழக்கதோசத்தில் செவுளுக்குள் விரலை விட்டு முறிக்கப் போனாள்.

"ஐயோ, விடுங்கோ!"

விட்டாள். மீன் அவள் காலடியில் கொஞ்சம் நின்று மூச்செடுத்துவிட்டுப் போய்விட்டது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது.

"நீயாவது ஒரு படம் எடுத்துக் காட்டியிருக்கலாம்தானே? போன் என்னத்துக்கு வைச்சிருக்கிறாய்?"

"எடுக்கப் போனனான் அக்கா, ஒவ்வொருமுறையும். அண்ணை மறிச்சுப்போடுவார். 'படத்தைக் கண்டால் மெற்றில்டா நம்பிப்போடுவாள். பிறகு பின்னேரம் வீட்டை போய் என்னத்தைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறது?' எண்டுவார்."

மெற்றில்டா கரையேறி ஈரப்புல்லில் அப்படியே குந்தினாள். மீன் மணக்கும் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பாவி மனுசன், பதினொரு வருடமும் அவளோடு விளையாடியிருக்கிறார். இன்னும் ஒரேயொரு பின்னேரம் அவர் வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றால் போதும், நம்பவே மாட்டேன் என்று அவள் சண்டை பிடிப்பாள்.