மலைக்குப் போகிற வெந்நீர்

மதுரையில் உட்கார்ந்துகொண்டு வெந்நீர் விற்கிறானே என்று ஜூடுவைக் கேலி செய்யாத ஆள் பழங்காநத்தத்தில் கிடையாது. கேலியில் நியாயமும் இருந்தது. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரே உடம்பைச் சுடும் ஊர் இது. இங்கே ஒருவன் சோலார் வாட்டர் ஹீட்டர் கடை வைத்துப் பிழைக்கிறான் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் சிரித்தவர்களே ஐப்பசி மழை முடிந்ததும் முழங்காலைத் தடவிக்கொண்டு கமுக்கமாக வந்து விலை கேட்பார்கள்.

தொழிலில் அவன் கெட்டிக்காரன். வீட்டுக்கு வீடு யோசித்துத்தான் போடுவான். செல்லூர்ப் பக்கம் போர் தண்ணீர் ஒரே உப்பு. அங்கே செப்புக் குழாய் வைத்தால் சீக்கிரமே உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும், அதனால் கண்ணாடிக் குழாய். நல்ல தண்ணீர் வருகிற வீட்டுக்குச் செப்புக் குழாய் பதித்த செப்புத் தகடு. கறுப்பாகப் பளபளக்கிற அந்தத் தகட்டுப் பெட்டி ஆயுசுக்கும் உழைக்கும், விலையும் கூடத்தான். மகளுக்குச் சீர் செய்கிறவர்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

இப்போது அவனுடைய மனைவி ஜெனிக்கே ஒன்று போடவேண்டி வந்தது. பசுமலையில் ஆசிரியையாக இருந்தவளை, அதே நிர்வாகத்தார் கொடைக்கானல் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகக் கூப்பிட்டிருந்தார்கள். ஜூனில் போய்ச் சேரவேண்டும். ஜெனிக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். சாக்பீஸைக்கூடப் பிடிக்க முடியாது. அங்கே பள்ளிக் குடியிருப்பில் கரண்ட் வந்தால் வரும், போனால் போகும்.

“வெந்நிக்கு ஒரு வழி பண்ணுங்க, போறேன். இல்லாட்டி வேணாம்னு சொல்லிர்றேன்” என்றாள்.

“நம்ம தொழில்தான, போட்டுருவோம்” என்று ஜூடு பெரிய மனுசனாகச் சொல்லிவிட்டான். சொன்னதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை இல்லாத வீடு. சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றிப் போட்டபடியே பேச ஆரம்பித்தால் தூங்கும்வரை அந்தக் குரல் ஓயாது. அந்தக் குரல் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது? ஆனால் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. தலைமையாசிரியை ஆகப்போகிறவளைக் காலைப் பிடித்து இழுக்கிறவன் என்ன புருசன்?

மனுசனுடைய மனசு எம்புட்டுக் கள்ளத்தனம் பண்ணும் பாருங்கள். வாயால் தடுக்க முடியாதவனுக்குக் கையால் தடுக்க ஒரு வழி தோன்றியது. மலையில் மார்கழி, தையில் உறைபனி விழும். செப்புக் குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் கட்டியாகிப் பருத்தால் குழாய் பிளந்துவிடும். சமவெளியிலிருந்து போய் மலையில் ஹீட்டர் மாட்டுகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு அது. ஜூடுவும் அதையே செய்தால்? கார்த்திகை வரைக்கும் வெந்நீர் ஜம்மென்று வரும். பனி இறங்கியதும் வெடிக்கும். கிறிஸ்துமஸுக்கு வருகிறவள் திரும்பிப் போகமாட்டாள். அவனை யார் குற்றம் சொல்வார்கள்? பெண்டாட்டிக்கு உசத்தியானதைத்தானே போட்டான் என்பார்கள்.

காலையில் காப்பி குடிக்கும்போது, “ஒனக்குச் செப்புத் தகடுதான் போடப் போறேன். இருக்கறதுலயே ஒசந்தது” என்றான். ஜெனி அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்று தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கடை மாடியில் அவனும் ஃபிட்டர் பேச்சிமுத்துவுமாகச் செப்புப் பெட்டியை இறக்கித் துடைத்தார்கள். “மதினிக்குன்னு வாரப்ப கை தாராளமாத்தான் இருக்குண்ணே” என்று சிரித்துவிட்டுப் பேச்சிமுத்து சாப்பிடப் போனான். ஜூடுவுக்குச் சுருக்கென்றது. சோற்றுப் பொட்டலத்தைப் பாதியில் மூடிவிட்டு, பெட்டியின் நிழலில் ஒருக்களித்துப் படுத்தான். ஏப்ரல் மாத வெயில் மாடியெங்கும் காய்ந்தது. கண் தானாகச் சொருகியது.

மதுரையில் பனி பெய்துகொண்டிருந்தது. பசுமலைப் பாறை வெளுத்துப்போய், இருக்கிற இடமே தெரியவில்லை. வைகை மணல் வெள்ளையாகக் கிடந்தது. செல்லூரில் தறிகள் ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கின. ஜூடு செருப்பில்லாமல் நடந்துபோனான், கால் குளிரவில்லை. அவன் மாட்டிய ஹீட்டர்கள் மாடிக்கு மாடி டப், டப் என்று வெடித்தன. சனங்கள் வாளியோடு தெருவுக்கு வந்து வரிசையில் நின்றார்கள். ஒருவரும் அவனை ஏசவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. வரிசையின் கடைசியில் ஜெனி. வாளிப் பிடியில் அவளுடைய விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. முன்னால் நின்றவர்களிடம் அவள் சமாதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “வெந்நி வரும், பொறுங்க. எங்க வீட்டுக்காரருதான் போட்டாரு.” வராது ஜெனி என்று கத்தப் பார்த்தான். தொண்டையில் குரலே இல்லை. பனி மெதுவாக அவள் தலைமேல் இறங்கிக்கொண்டே இருந்தது.

நிழல் நகர்ந்துபோய் முழங்கையில் வெயில் சுட்டபோது தூக்கிவாரிப் போட்டு எழுந்தான். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு செப்புப் பெட்டியைப் பழையபடி மூடிக் கட்டினான். கண்ணாடிக் குழாய்களை எடுத்தான். பிளாஸ்கைப் போல இரண்டு சுவர். நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்திருப்பார்கள். வெளியே எம்புட்டுக் குளிர் இருந்தாலும் உள்ளே இருக்கிற சூடு இறங்காது, மூடுபனிக்குள் வருகிற வெளிச்சமே போதும். தொட்டியைக் குளியலறைச் சுவரை ஒட்டி வைக்கலாம், தண்ணீர் வெகுதூரம் ஓடி ஆறவேண்டாம். தண்ணீர் ஓடுகிற குழாய்களின் மேல் சூடு ஆறாமலிருக்கச் சுற்றுகிற தடித்த நுரையுறை. சூரியனே வராத நாளுக்குத் தொட்டிக்குள் சின்னதாக ஒரு கரண்ட் காயில். இம்புட்டு அக்கறையாக அவன் யாருக்கும் ஹீட்டர் போட்டதில்லை.

சாயங்காலம் பள்ளிவிட்டு ஜெனி கடைக்கே வந்துவிட்டாள். மாடி ஏறியவள் கண்ணாடிக் குழாய்களைப் பார்த்து நின்றாள். “காலைல செம்புன்னு சொன்னீங்க?”

பொய் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. “செம்பு போட்டா பனியில வெடிச்சிரும். தெரிஞ்சேதான் எடுத்து வச்சேன்.”

“ஏன்?”

“வெடிச்சா நீ வந்துருவேல்ல.”

திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவள் குழாய்க் கட்டின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

“போகாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. நீங்க சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னுதான் வெந்நி, வெந்நின்னு இம்புட்டு நாளா இழுத்துக்கிட்டு இருந்தேன்.”

“இப்பச் சொல்றேன். போகாத ஜெனி.”

“காலைலயே கொடைக்கானலுக்குப் போன் போட்டு வாரேன்னு சொல்லிட்டேன்” என்றாள். கண் நிறைந்துவிட்டது. “இருக்கறதுலயே ஒசந்ததப் போடுறாரே, மனுசன் நம்மள அனுப்பத் துணிஞ்சுட்டாருன்னு நெனச்சேன்.”

கீழே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நுரையுறையின் ஒரு நுனியைக் கையில் எடுத்தாள்.

“இந்தப் பக்கத்த நான் பிடிச்சுக்கிறேன்” என்றாள். “நீங்க சுத்துங்க.”