திரும்பிப் பார்க்கும் கிளி

"குப்பைக் கூடையில போட்டதை எடுத்து…"

"நீங்க போட்டீங்க, நான் எடுத்தேன். அதுல என்ன…"

"முழுசாச் சொல்ல விடு! எடுத்து ஜன்னல்ல மாட்டியிருக்கியே, ஊர் பார்க்கவா?"

"ஊர் பார்க்கத்தானே அண்ணி ஜன்னல்!"

எம்பிராய்டரிக் கடை அண்ணியுடையது. பட்டனும் கொக்கியும் வைப்பது நாத்தனார் வேலை. துணியில் ஓர் இலை பிசகினாலும் அண்ணி கத்தரித்து எறிந்துவிடுவார். எறிந்ததை நாத்தனார் சேர்த்து வைப்பாள். துண்டின் ஓரமாக நூலோட்டி இழுத்தால் சுருக்குப்பை போல வாய் மூடிக்கொள்ளும். உள்ளே ஒரு பட்டனோ, முகம் மட்டும் வெளியே தெரிய ஒரு சின்ன வட்டக் கைக்கண்ணாடியோ அடங்கிவிடும்; அண்ணியின் தையல் அதன் முதுகில் தெரியும். அவற்றைத்தான் இன்று முதன்முறையாகத் தொங்கவிட்டிருந்தாள்.

"இந்தக் கிளியைப் பாரு. கழுத்து முதுகுப் பக்கம் போயிருக்கு. இதைப் பார்த்தா எவ எங்கிட்டத் துணி குடுப்பா?"

"யாரோ கூப்பிட்டாங்க, கிளி திரும்பிப் பார்க்குதுன்னு நினைச்சுக்குவாங்க."

"உன் வாய்க்கு நாலு தையல் போடணும்."

"போடுங்க. நீங்க போட்டா அதுவும் அழகாத்தான் இருக்கும்."

அண்ணி கிளிக் கண்ணாடியைக் கழற்றக் கை நீட்டினார். அதற்குள் எதிர்ச் சாரி மருந்துக்கடைக்காரம்மா உள்ளே வந்துவிட்டார்.

"எடுக்காதீங்க! அதுக்குத்தான் ஓடி வந்தேன். யார் செஞ்சது?"

"அண்ணி" என்றாள் நாத்தனார். "இவதான்" என்றார் அண்ணி. இரண்டும் ஒரே மூச்சில்.

"கிளி அவங்க கை. கண்ணாடி என் கை" என்றாள் நாத்தனார், தலையை நிமிர்த்தி.

"நல்ல ஜோடிதான் போங்க! எங்க அக்காவுக்கும் ஒண்ணு வேணும். ஆனா கழுத்து இப்படியே திரும்பி இருக்கணும். நேராப் பார்க்கிற கிளி எல்லாக் கடையிலயும் இருக்கு."

அண்ணியின் கண் ஒருமுறை ஜன்னலுக்குப் போய் வந்தது.

"மத்ததையும் வெளிச்சம் படுற மாதிரி முன்னாடி தள்ளி மாட்டுடி" என்றார். பிறகு சட்டத்தில் துணியை இறுக்கி, பச்சை நூலைக் கோத்து உட்கார்ந்தார். உடம்பு வந்தது, சிறகு வந்தது. கழுத்துக்கு வந்ததும் ஊசி தன்பாட்டுக்கு நேராகப் போனது. பிரித்தார். மறுபடியும் நேர். மறுபடியும் பிரித்தார். இந்த முறை முன்னதைவிட நேர்.

நாத்தனார் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

அண்ணி ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்:

"சிரிக்காம சொல்லுடி, தப்பா எப்படித் தைக்கிறது?"