பன்னிரண்டு புஷ்கள்

"இதுக்கு எண்ணெயே விட வேணாங்களா?"

"வேணாங்க. வெண்கலப் பொடிய அச்சுல அழுத்திச் சுட்டது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டையெல்லாம் எண்ணெய் குடிச்சிருக்கும். ஃபேன் சுத்துனா அதுவே கசியும். பெட்ரோல்ல மட்டும் கழுவிராதீங்க, உள்ள இருக்கறது பூரா வந்துரும்."

"எங்கண்ணனுக்கு ரெண்டு மாட்டி வுடணும். வாயத் தொறந்தாலே கிறீச்சுங்கறான்."

அவள் அப்படிச் சொன்னதும் சந்திரமோகன் சிரித்த அந்தச் சிரிப்பு இரண்டு வருடங்களாக யுவராணியிடம் இருக்கிறது. மாரண்டஹள்ளியில் ஃபேன், மிக்சி பழுது பார்க்கும் அவளுடைய கடைக்கு அப்போது வியாழக்கிழமைதோறும், ஃபேன் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் வெண்கல வளையமான புஷ் கொண்டுவருவான். ஆறு மாதங்களுக்கு முன் அவனை புஷ் செய்யும் ஓசூர் ஆலையிலேயே தரம் பார்க்கும் வேலையில் போட்டுவிட்டார்கள். அதன்பிறகு பஸ்ஸில் பார்சல்தான் வந்தது. கண்டக்டர் தூக்கிப் போடும் அட்டைப்பெட்டியில் அவன் கையெழுத்தாவது இருக்குமா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒருநாளும் இருந்ததில்லை.

இப்போது அவனே வந்திருந்தான். போன வாரம் வந்த பன்னிரண்டு புஷ்களும் சத்தம் போடுகின்றன என்று கம்பெனிக்கு அவள் போன் செய்திருந்தாள். அவற்றில் ஒன்றையும் தன் பையிலிருந்து ஒன்றையும் எடுத்து, வாசல் வெயிலில் வெள்ளைத்தாள் மேல் வைத்தான். சற்று நேரத்தில் அவனுடையதைச் சுற்றி எண்ணெய் வட்டம் படர்ந்தது. அவளுடையதைச் சுற்றி ஒன்றுமில்லை.

"வறண்டு கெடக்குதுங்க. எண்ணெய்ல ஊற வெக்கறது காளியப்பண்ணன். இருவது வருச சர்வீஸ். உங்க கம்ப்ளெயின்ட்டுக்கு அவருக்கு மெமோ குடுத்துட்டாங்க. நான் இத எழுதிக் குடுத்தா அவரு வேலையே போயிரும்."

பேனாவைத் திறந்தான்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் ஒருவனை மட்டுமே அவள் நினைத்திருந்தாள். எண்ணெய்த் தொட்டியருகே நிற்கும் இன்னொருவர் அவள் கணக்கில் வரவேயில்லை.

"எழுதாதீங்க. அவரு மேல தப்பில்ல. நாந்தான் கழுவுனேன்."

"பெட்ரோல்லயா? நாந்தான் அன்னிக்கே சொன்னனே!"

"சொன்னீங்க. அதனாலதான் கழுவுனேன். பன்னெண்டையும்."

"ஏங்க?"

"கம்ப்ளெயின்ட்டுன்னா நீங்க வருவீங்கல்ல."

அவன் பேனாவை மூடினான். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தக்காளிக் கூடைகள் ஏற்றிய வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துபோனது. அது திருப்பத்தில் மறையும்வரை இருவருமே அதைப் பார்த்தார்கள். வரப்போகும் பென்னாகரத்து மாப்பிள்ளை வீட்டாருக்காக வீட்டில் அண்ணி காலையிலேயே புது டம்ளர்கள் வாங்கி வைத்துவிட்டாள். யுவராணி ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம என்னயப் பொண்ணு பாக்க வராங்க," என்றாள். "அதுக்கு முன்னால நீங்க எங்க வூட்டுக்கு வந்து, எங்கண்ணங்கிட்ட என்னயக் கேளுங்க."