துண்டுக்குள் கை

துண்டுக்கு அடியில் ஏதோ ஓடுகிறது, எலி புகுந்துகொண்டதுபோல் துணி ஓரிடத்தில் மேடாகி, அங்கே தணிந்து, வேறோர் இடத்தில் மேடாகிறது, அப்பாவின் கைதான் அது, அப்பாவின் கையும் எதிரே நிற்கிற வியாபாரியின் கையும், பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் செவலைக் காளை ஒன்று இருவருக்கும் நடுவில் நின்று இந்தப் பேச்சுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் அசைபோடுகிறது, உள்ளே விரல்கள் விலை பேசுகின்றன, ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நான்கையும் சேர்த்துப் பிடித்தால் நான்கு, கணுவில் மடக்கினால் பாதி, உள்ளங்கையைச் சுரண்டினால் கட்டாது போ, வெளியே வாய் மட்டும் வேறு கதை பேசுகிறது, ஏனுங்க மச்சான், உங்க பக்கம் மழை எப்படிங்க, எங்கீங்க, வந்த மேகம் பூராவும் பாலக்காட்டுக்குப் போயிருதுங்க, எனக்கு ஒன்பது வயது, நானும் கையைத் துண்டுக்குள் நுழைக்கப் பார்க்கிறேன், அப்பா சிரித்துக்கொண்டே முழங்கையால் தள்ளிவிடுகிறார், பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன சோலி அம்மிணி, போயி முறுக்குத் தின்னு, தம்பி நாச்சிமுத்து ஐந்து வயதுக்காரன், அவன் கையை மட்டும் அப்பாவே பிடித்து உள்ளே விட்டுக்கொள்கிறார், அவன் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் நெளிகிறான், நான் முறுக்கைக் கடித்தபடி தள்ளி நின்று பார்க்கிறேன், கை தெரியாவிட்டால் என்ன, தோள் தெரிகிறதே, விட்டுக்கொடுக்கப் போகிறவனுக்கு முதலில் தோள்தான் இறங்கும், அதற்கப்புறம்தான் விரல் இறங்கும், யார் மடங்கப்போகிறார் என்பது முறுக்கு தீர்வதற்குள் எனக்குத் தெரிந்துவிடும், கேட்பார்தான் இல்லை.

துண்டு சுடுகிறது, இது அப்பாவின் துண்டல்ல, இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றிய டர்க்கி டவல், மணிக்கட்டுக்கு டாக்டரம்மா சொன்ன வைத்தியம், இது ஈரோட்டில் என் வீட்டு முன்னறை, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி, எனக்கு நாற்பத்தாறு வயது, துண்டுக்குள் என் இரண்டு கைகளும் ஒரு கேம்பேடை, மவுஸுக்குப் பதிலாகக் கட்டைவிரலால் ஆடுகிற கட்டையை, பிடித்துக்கொண்டிருக்கின்றன, வாரம் ஆறு நாளும் கம்ப்யூட்டரில் போர்வைக்குப் பூ வரைகிறவள் நான், ஏழாம் நாள் பூதங்களைக் கொல்கிறவள், இரண்டுக்கும் ஒரே மவுஸ், ஒரே மணிக்கட்டு, அது ஒருநாள் காப்பி டம்ளரைக்கூடத் தூக்கமாட்டேன் என்றுவிட்டது, மூணு மாசத்துக்கு மவுஸைத் தொடக் கூடாது, வேலைக்கு இடது கையைப் பழக்கிக்கங்க என்றார் டாக்டரம்மா, விளையாட்டுக்குங்க என்று கேட்டேன், கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார், அவருக்கு எங்கே தெரியும் மயிலாத்தாவை, பாதாளத்தில் இறங்கியிருக்கிற என் சூனியக்காரி, மேலிருந்து பார்த்தால் கட்டைவிரல் அளவு இருப்பாள், தரையில் கிளிக் செய்தால் அங்கே ஓடுவாள், பூதத்தின் மேல் கிளிக் செய்தால் அதன்மேல் நெருப்பை வீசுவாள், ஒற்றை உயிர் ஆட்டம், செத்தால் செத்ததுதான், ஏழு மாதமாக அவளைச் சாகவிடாமல் வைத்திருக்கிறேன், பக்கத்தில் நாச்சிமுத்துவின் கோடாலிக்காரன், நாச்சிமுத்து பெங்களூரில் இருக்கிறான், கல்யாணமான பிறகு போனில் எங்கள் பேச்சு இரண்டு நிமிடம்தான், சாப்டியாடா, சாப்டேன்க்கா, நீ, ம், அவ்வளவு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாதாளத்தில் இறங்கிவிட்டால் மூன்று மணி நேரம் வாய் ஓயாது, அவன் மேனேஜர், என் மாமியார், அவன் சர்க்கரை, என் சர்க்கரை, நடுநடுவே பூதம்.

என் கை போனது தெரிந்ததும் அவன்தான் பட்டன் தேய்ந்த அந்தப் பழைய கேம்பேடை அனுப்பினான், கூடவே ஒரு நிபந்தனையும், அக்கா, கடைசிப் பூதம் மட்டுந்தான் பாக்கி, இந்தக் கட்டைய வெச்சுக்கிட்டு அதத் தாண்டீட்டா நம்ம ஞாயித்துக்கெழம நமக்கு, மயிலாத்தா செத்துட்டா மறுபடியும் மொதல்ல இருந்து ஏழு மாசமெல்லாம் என்னால ஆவாது, ஆபீஸ் பசங்க கூப்டறாங்க, நான் அவங்களோட போயிருவேன், சொல்லும்போது சிரித்தான், சந்தைக்காரன் மகன் சிரித்துக்கொண்டே சொல்வதுதான் உண்மை விலை, அதனால் ஒரு மாதம் கட்டைவிரல் காய்க்கப் பழகினேன், ஆட்டத்துக்கோ கேம்பேடு என்றொரு பொருள் உலகத்தில் இருப்பதே தெரியாது, அதற்குத் தெரிந்தது மவுஸ் ஒன்றுதான், நடுவில் ஒரு மென்பொருள் தரகு பார்க்கிறது, நான் கேம்பேடின் குமிழைத் தள்ளினால் அது ஆட்டத்திடம் போய், மவுஸ் நகர்ந்ததுங்க சாமி என்று கூசாமல் பொய் சொல்கிறது, எங்கள் குடும்பத்துக்குப் புதிய தொழில் இல்லை, ஆனால் தரகன் சரியில்லை என்றால் மாடு கைமாறாது, குமிழைத் திருப்பினால் திரையில் மவுஸ் அம்பு செக்குமாடு மாதிரி மயிலாத்தாவையே சுற்றிச்சுற்றி வருகிறது, தூரத்தில் நிற்பவனை அடிக்கப் போனால் பக்கத்துப் பானையை உடைக்கிறது, ஓடச் சொன்னால் நின்று மோதிரம் பொறுக்குகிறாள், இரண்டாம் நாள் பாதாளத்துக் கடைக்காரனிடம் உடைந்த கத்தியை விற்கப்போய், அம்பு வழுக்கி, என் நெருப்புக் கோலையே விற்றுவிட்டேன், காளையைக் கொடுத்துவிட்டுக் கயிற்றோடு வந்த மாதிரி நின்றேன், இரட்டை விலை கொடுத்துத் திருப்பி வாங்கினேன், போனில் நாச்சிமுத்து ஐந்து நிமிடம் சிரித்தான், அப்பாகிட்டச் சொல்லட்டுமாக்கா, சொல்லித்தான் பாரேன், உன் பல்லு உங்கிட்ட இருக்காது.

இன்றைக்குப் பெருந்துறையில் ஒரு கல்யாணம், பந்தியிலிருந்து எழுந்து நேரே லேப்டாப்பும் தாம்பூலப் பையுமாக வந்து இறங்கியிருக்கிறான், சோபாவில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கதவு திறக்கிறது, கடைசிப் பூதம் எழுந்து நிற்கிறது, எருமைத் தலை, திரை கொள்ளாத உடம்பு, முதல் அடியிலேயே மயிலாத்தாவுக்குப் பாதி ரத்தம் போய்விட்டது, நெருப்பும் புகையும் சுழல்கிற இடத்தில் நான் அம்பைத் தேடுகிறேன், அக்கா எங்க சுடறே, அது செவுரு, தெரியுதுடா, தெரிஞ்சுமா சுடறே, அம்பைக் காணோம், அதோ, இல்லை, அது தீப்பொறி, ரத்தம் கால் பங்கு, போச்சு, ஏழு மாதம் போச்சு, ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாகப் போகின்றன, நான் கேம்பேடையாவது பார்க்கலாம் என்று குனிகிறேன், துண்டுதான் தெரிகிறது, துண்டு மேடாகித் தணிகிறது, செவலைக் காளை அசைபோடுகிறது, அப்பா ஒருநாளும் துண்டைப் பார்த்ததில்லையே, கை பாட்டுக்குக் கை பேசும், கண் எதிராளியின் மேலேயே இருக்கும், துண்டைப் பார்க்கிறவன் தோற்கப்போகிறவன், இத்தனை நாள் மவுஸைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்ததெல்லாம் அம்பைத்தான், எதிராளியை எங்கே பார்த்தேன், அம்பை விட்டுவிட்டேன், அது எங்கேயோ கிடக்கட்டும், நிமிர்ந்து பூதத்தைப் பார்த்தேன், முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன், அட, இவனுக்கும் தோள் இருக்கிறது, இடது தோள் இறங்குகிறது, அப்புறம் அடி விழுகிறது, மறுபடி இறங்குகிறது, மறுபடி அடி, டே விலகு, எதுக்கு, விலகுடா, கோடாலிக்காரன் நகர்ந்த இடத்தில் தரை பிளக்கிறது, நாச்சிமுத்து வாயைத் திறந்தபடி என்னைப் பார்க்கிறான், என்னய எதுக்குப் பாக்கறே, அதப் பாரு, இப்ப வெட்டு, வெட்டு, விலகு, மூன்றாம் தடவை அவன் எதுக்கு என்று கேட்கவில்லை, என் கட்டைவிரல் தானாகவே குமிழைத் தள்ளுகிறது, மயிலாத்தா சந்தைக் கூட்டத்தில் நுழைந்து வருகிறவள்போல் அடிகளுக்கு நடுவே நடக்கிறாள், நெருப்பு எங்கே போகவேண்டுமோ அங்கே போகிறது, எருமைத் தலை சாய்ந்தபோது அவளிடம் ஒரு சொட்டு ரத்தம் மிச்சம்.

எப்படிக்கா தெரிஞ்சுது. தோளு எறங்குச்சு. என்ன தோளு. நீ உள்ள கை வெச்சிருந்தவன், உனக்கெங்க தெரியும். பூதம் விட்டுப்போன மோதிரம் மயிலாத்தாவின் காலடியில் மின்னுகிறது, கோடாலிக்காரனுக்கென்றே அளவெடுத்துச் செய்தது, நான் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன், அக்கா, அது உனக்கு ஒதவாதுக்கா, ஒதவாட்டி என்ன, அழகா இருக்குது, சரி, அதுக்கு என்ன கேக்கறே, என்றபடி அவன் லேப்டாப்பைக் கீழே வைக்கிறான், பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்து உட்கார்கிறான், என்னைப் பார்க்காமல், சுவரில் காலண்டரைப் பார்த்தபடி, வலது கையை என் துண்டுக்குள் நுழைக்கிறான், நான் கேம்பேடை மடியில் விட்டுவிடுகிறேன், முப்பத்தேழு வருடம் கழித்து ஒரு கை உள்ளே வந்திருக்கிறது, என் இரண்டு விரல்களைப் பிடிக்கிறான், மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, நம்ம ஞாயிறு நமக்கு என்றவன் எத்தனை என்று அன்றைக்குச் சொல்லவில்லையே, அவன் உள்ளங்கையைச் சுரண்டுகிறேன், கல்யாணத்துல பந்தி எப்படிடா, சுமார்க்கா, பாயசத்துல முந்திரியே இல்ல, மூன்றாவது விரலையும் சேர்த்துப் பிடிக்கிறான், ஆனால் அதைக் கணுவில் மடக்குகிறான், மூன்றாவது ஞாயிறு அரை நாள், திருடன், மறுபடி சுரண்டுகிறேன், பெங்களூர்ல மழையாடா, தெனமுங்க்கா, நான் அவன் விரல் நான்கையும் சேர்த்துப் பிடிக்கிறேன், பிடித்துக்கொண்டே கட்டைவிரலையும் வளைத்துக்கொள்கிறேன், ஐந்து ஞாயிறு வருகிற மாதமும் உண்டல்லவா, அவன் நெளிகிறான், ஐந்து வயதில் நெளிந்த அதே நெளிவு, துண்டு ஓரிடத்தில் மேடாகித் தணிகிறது, வேறோர் இடத்தில் மேடாகிறது, இடது கையை வெளியே எடுத்துத் தாம்பூலப் பைக்குள் துழாவுகிறேன், கல்யாண வீட்டு முறுக்கு ஒன்று அகப்படுகிறது, கடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், அவன் தோளைப் பார்க்கிறேன், பாதி முறுக்கு மிச்சமிருக்கும்போதே அது இறங்குகிறது.