எல்லாருக்கும் தெரிந்த தேதி

இசிதோரோஸ் கப்பலேறி ஏழு மாதம் ஆகிவிட்டது. கியோஸ் தீவின் மாலுமி பெண்டாட்டிகளுக்கு இது புதிதா என்ன? ஆனால் இந்தத் தடவை மார்க்கெல்லாவிடம் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருவி இருந்தது. நடுக்கடலில் அவன் செல்போனைத் தொட்டால், இங்கே அவள் உடம்பில் அது அதிரும். துறைமுகத்திலிருந்து அந்தப் பார்சலை எடுத்துவந்தவர் பந்தெலிஸ், அவர்கள் கல்யாணத்தில் மணமுடி மாற்றிவைத்த தோழர். வீட்டுக்கு இணையம் பொருத்திக் கொடுத்தவரும் அவர்தான். கட்டின புருஷனோடு கொஞ்சுவதற்கு வெட்கம் எதற்கு என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

செவ்வாய் மத்தியானம் அந்தக் கருவியின் செயலியில் அவன் பெயரில் அழைப்பு வந்தது. சரி என்று தொட்டாள், சிரித்தாள். வெள்ளிக்கிழமை அவன் பேசியபோது அதைச் சொல்லிக் கேலி செய்தாள்.

"அது நானில்ல மார்க்கெல்லா. திங்கள்லேருந்து நேத்து வரைக்கும் கப்பல்ல சிக்னலே கிடையாது."

கணினிக் கடை வைத்திருக்கும் சிநேகிதி ஆங்கெரு அந்தச் செயலியின் கணக்கைத் திறந்து பார்த்தாள். செவ்வாயன்று அவன் பெயரில் நுழைந்த ஆள் இதே தீவில் இருந்திருக்கிறான். கடவுச்சொல் என்னவென்று கேட்டாள். இருவர் கணக்குக்கும் ஒன்றுதான்: மார்க்கெல்லா, ஜூலை இருபத்திரண்டு.

"அடிப்பாவி, பிறந்தநாளை வச்சிருந்தாக்கூட ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. உன் பேர்நாள் தெரியாத ஆளு இந்தத் தீவுல யாருடி?"

புனித மார்க்கெல்லாவின் திருநாள் அது; அந்தப் பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் அன்றுதான் பேர்நாள். தீவே திரண்டு கோயிலுக்கு நடக்கும். மார்க்கெல்லாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. புருஷன் என்று நம்பி எவனுக்கோ அவளே கதவைத் திறந்திருக்கிறாள். போலீசுக்குப் போகலாம் என்றாள் ஆங்கெரு. போய் யார் பேரைச் சொல்வது?

பேர்நாளும் வந்தது. அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், வருகிறவர்கள் வருவார்கள். பூட்டினால் துக்க வீடு என்பார்கள். அவள் பூட்டவில்லை. பல்லாண்டு வாழ்க என்று வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர்க் கிளாசில் மாஸ்டிக் என்ற மரப்பிசின் இனிப்பைக் கரண்டியோடு நீட்டி, ஒரே பதிலைச் சொன்னாள்.

"நன்றி. பாஸ்வேர்டை மாத்திட்டேன்."

எந்தப் பாஸ்வேர்டு என்று மாமியார் கேட்டாள். பாதிரியார் கேட்டார். ரொட்டிக்கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார். பாவம், புருஷன் பக்கத்தில் இல்லாமல் மூளை குழம்பிவிட்டது என்று வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

கடைசியில் பந்தெலிஸ் வந்தார். அவரிடமும் அதையேதான் சொன்னாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "நல்லது" என்றார்.

அவர் கையிலிருந்த கிளாசை மார்க்கெல்லா திரும்ப வாங்கிக்கொண்டாள்.