வத்தல் வைத்த இடம்

அருப்புக்கோட்டையிலிருந்து தொண்டு நிறுவனத்துப் பெண் சுகப்பிரியா ஊருக்கு வந்தது தொண்ணூற்றைந்தாம் வருஷம், பருத்தி எடுத்து முடிந்த சமயம். களத்தில் கோலப்பொடியால் பிள்ளைகளே ஊரை வரைய வேண்டும். பிடித்த இடத்தில் பஞ்சு, பயமான இடத்தில் மிளகாய் வத்தல். பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு பார்த்தால் போதும் என்றாள்.

ஊருக்கு அது வேறு மாதிரிப் புரிந்தது. ஜீப்பில் வந்து யார் எதைக் கேட்டாலும் பின்னாலேயே லோனோ நிவாரணமோ வரும் என்பது மழையை நம்பிப் பிழைக்கிறவர்களின் நம்பிக்கை. வத்தல் விழுந்த இடத்துக்கு கவர்மெண்டு காசு என்று யாரோ கிளப்பிவிட, வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது. கருத்தப்பாண்டியும் தன் மகள் முருகலட்சுமியிடம் சொல்லிவைத்தார்: "நம்ம தெரு முக்குல வையி தாயி. லைட்டு போஸ்ட்டு வரும்."

அவர் மனைவி முத்துத்தாய்க்கு லைட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கொஞ்ச நாளாகவே மகள் இன்டர்வெல் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓடுகிறாள். வாத்தியார் அடித்தும் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டால் வாயே திறப்பதில்லை.

எவனோ பிள்ளையை மிரட்டி வைத்திருக்கிறான் என்று முத்துத்தாய் முடிவு கட்டினாள். சந்தேகம் கொழுந்தன் பூமிநாதன் மேல். கல்யாணம் ஆகாதவன், தோட்டத்து மோட்டார் ரூமில் படுக்கிறவன், வரும்போதெல்லாம் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கி வருகிறவன். புருஷனிடம் சொன்னால் வீட்டில் கொலை விழும். சொல்லாமல் இருந்தால் பிள்ளை போய்விடும்.

களத்தில் ஊர் முளைத்தது. கோயில், ஊருணி, பள்ளிக்கூடம், பஸ் நிற்கிற இடம், தோட்டங்கள். தவசியின் மகன் தன் வீட்டு வாசலிலேயே ஒரு கை வத்தலைக் கொட்டினான். என்ன பயம் என்று சுகப்பிரியா கேட்டாள்.

"தெரியல. அப்பாதான் பயமா இருக்குன்னு சொல்லச் சொன்னாக."

கூட்டம் சிரித்தது. முத்துத்தாய் சிரிக்கவில்லை. முருகலட்சுமி ஒற்றை வத்தலோடு எழுந்துவிட்டாள். தெரு முக்கில் அவள் நிற்கவில்லை. கருத்தப்பாண்டி செருமினார். அவள் ஊருணியைத் தாண்டி, தங்கள் தோட்டத்துக்குப் போய், மோட்டார் ரூம் என்று போட்டிருந்த கட்டத்தின் முன்னால் குத்தவைத்தாள்.

முத்துத்தாய் எதிர்ப்பக்கம் நின்ற பூமிநாதனைப் பார்த்தாள். பாவி, பாவி என்று மனசு அடித்துக்கொண்டது. அவன் சட்டையைப் பிடிக்க இரண்டு எட்டு வைத்துவிட்டாள்.

அதற்குள் பிள்ளை வத்தலை வைத்துவிட்டாள். கட்டத்தில் இல்லை, அதை ஒட்டியிருந்த வட்டத்தில். கிணற்றில்.

"உள்ள விழுந்துருவோம்னு பயமா?" என்றாள் சுகப்பிரியா.

"நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்."

"பெறகு யாரு விழுவாகன்னு பயம்?"

"எங்க அம்மாதான். சண்டை வந்தா கெணத்துல விழுந்து செத்துப் போறேன்னு சொல்லும். அப்பா, 'போயி விழு'ம்பாக. அதான் இன்டர்வெல்லுல ஓடியாந்து, அம்மா இருக்கான்னு பாத்துட்டுப் போறேன்."

எந்த வீட்டில்தான் அந்தப் பேச்சு இல்லை? குழம்புக்கு உப்புப் போடுவது மாதிரி சண்டைக்குச் சண்டை சொல்லுகிற சொல். சொன்னவள் மறந்து உலை வைக்கப் போய்விடுவாள். கேட்ட பிள்ளை தூங்காமல் கிடக்கிறது.

பூமிநாதனின் முகத்தைப் பார்க்க முத்துத்தாய்க்கு வெட்கமாக இருந்தது. அதைவிட மகளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"நாளைக்கே கெணத்தைச் சுத்திச் சுவரு கட்டிருவோம் தாயி," என்றார் கருத்தப்பாண்டி.

"கட்டுனாலும் அம்மா ஏறிக் குதிச்சிரும்ல," என்றாள் முருகலட்சுமி.

முத்துத்தாய் ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டு, இனிமேல் சொல்ல மாட்டேன், சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்று அழுதாள். பிள்ளை தலையை ஆட்டியது. நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் இன்டர்வெல்லுக்கு முன்னாலேயே முத்துத்தாய் பள்ளிக்கூட வேலியோரம் போய் நின்றாள். மணி அடித்ததும் ஓடி வந்த முருகலட்சுமி, அம்மாவைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். கிட்டே வந்து கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நாளைக்கும் வருவியாம்மா?" என்று கேட்டாள்.