குண்டூசிக்குத் தனி வாசல்

சர்வர்க்காரருக்கு ஒரு வியாதி உண்டு. கேட்காதவர்களுக்கும் நல்லது செய்துவிடுவார். தடுத்தால் இன்னும் வேகமாகச் செய்வார்.

கீழே அவருடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. பின்னறையில் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு சர்வர் பெட்டி; தெருவில் அவருக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான். தெருவிலுள்ள பல் டாக்டர், தையற்காரம்மா, பூட்டுக்காரர் என்று பதினோரு பேரின் இணையப் பக்கங்கள் அதில்தான் குடியிருந்தன. பன்னிரண்டாவது, மாடியறையில் இருந்த அவருடைய தங்கச்சியின் பக்கம்.

புருஷனிடமிருந்து தப்பி, கையில் ஒரே ஒரு பையோடு வந்தவள் அவள். பதினாலு மாதமாக வெயில் படாமல் அந்த அறையிலிருந்தே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். கேமராவில் முகம் காட்டமாட்டாள். எழுதும் பலகை மட்டும்தான் தெரியும். சொந்தப் பெயரையும் போடவில்லை. சின்ன வயதில் ஒல்லியாகவும் வாய்த்துடுக்காகவும் இருந்தாள் என்று அப்பா வைத்த பட்டப்பெயர் குண்டூசி. பிள்ளைகளுக்கும் அவள் குண்டூசி மிஸ். வீட்டைத் தாண்டி அந்தப் பெயர் யாருக்குத் தெரியப்போகிறது என்று அண்ணன்தான் தைரியம் சொன்னார். கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்து மாப்பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்ததும் அதே அண்ணன்தான். அது அவருக்கு மறந்துபோயிருந்தது.

முதலில் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே முகவரிதான். கடையின் பெயர், ஒரு சாய்கோடு, அதன் பிறகு டாக்டரோ குண்டூசியோ. யாராவது குண்டூசியைக் கேட்டு வந்தால், சர்வர் உள்ளுக்குள் அந்த முகவரியைச் சத்தமில்லாமல் மாற்றி எழுதி, பன்னிரண்டாம் நம்பர் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும். வந்தவருக்கு அந்த மாற்றம் தெரியாது. வராதவருக்குக் குண்டூசி என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. வீடும் அதே மாதிரிதான். மாடிக்குப் போக வேண்டுமென்றால் கடையைக் கடந்து, அண்ணியின் அடுப்படியைக் கடந்துதான் போக வேண்டும். அண்ணியைக் கடப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

"சாய்கோட்டுக்குப் பின்னாடி ஒண்டுக்குடித்தனம் மாதிரி இருக்கும்மா," என்றார் ஒருநாள் சாப்பிடும்போது. "பேரைத் தூக்கி முன்னாடி வச்சு, புள்ளி வச்சு, அப்புறம் கடைப் பேரு. அதுக்குப் பேரு துணைத்தளம். தனி வீடு. நாளைக்கே வேற மெஷினுக்குத் தூக்கிட்டுப் போகலாம்."

"நான் எதைண்ணா தூக்கிட்டு எங்க போகப்போறேன்? யார் வந்தாலும் உன்னைத் தாண்டித்தான் வரணும். அதுவே எனக்குப் போதும்."

"நீ பேசு," என்றாள் அண்ணி. "பாராட்டைத் தவிர வேற எதுவும் உங்கண்ணன் காதுல ஏறாது."

ஏறவில்லை. அதே மாதத்தில் பன்னிரண்டு பேருக்கும் தனித்தனித் துணைத்தளம், ஒவ்வொன்றுக்கும் பூட்டுப் படம் போட்ட பாதுகாப்புச் சான்றிதழ். அந்த வேகத்திலேயே மாடியறைக்குச் சந்துப் பக்கமாக இரும்புப் படி, புதுக் கதவு, பூட்டுக்காரர் கையால் புதுப் பூட்டு. தங்கச்சிக்கும் ஒரு கௌரவம் வேண்டாமா என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இனி யார் இந்த வழியாகப் போகப்போகிறார்கள் என்று அண்ணி, அடுப்படியிலிருந்து மாடிக்கு ஏறும் உள்படிக்கு முன்னால் பாத்திர அலமாரியை நகர்த்தி வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, சர்வரின் வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான், ஒரே இணைப்பிலிருந்து திரும்பத் திரும்ப வந்த ஒரு ஆள் கண்ணில் பட்டான். முதல் நாள் குண்டூசி பக்கம். அடுத்து வகுப்பு நேரம். அடுத்து கடையின் முகப்புப் பக்கம். அதில் தெரு, கதவு எண் எல்லாம் உண்டு. பிறகு தினமும் சரியாக மூன்று மணிக்கு, வகுப்பு தொடங்கும்போது, ஒருமுறை. ஒரு வார்த்தை எழுதவில்லை. பிள்ளையைச் சேர்க்கவுமில்லை.

இவனுக்கு எப்படித் தெரிந்தது? தோண்டிப் பார்த்தார். சான்றிதழ் எந்தெந்தப் பெயருக்குக் கொடுக்கப்படுகிறதோ, அந்தப் பெயரெல்லாம் ஒரு பொதுப் பட்டியலில் ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் தேடலாம். அவருக்கு இது தெரியாததில்லை; மருந்துச் சீட்டின் பின்பக்கம் மாதிரி, தெரிந்தும் படிக்காத விஷயம். குண்டூசி என்று தட்டினார். உலகத்திலேயே ஒரே ஒரு விடை வந்தது. அடித்து அழிக்க வழியில்லை; அந்தப் பட்டியலில் ஏறினால் ஏறியதுதான்.

தங்கச்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் நடுங்கிப்போவாள், ராத்திரி பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று, அந்தத் துணைத்தளத்தை மட்டும் காதும் காதும் வைத்தாற்போல் கழற்றினார். பிள்ளைகளுக்குப் பழைய சாய்கோட்டு முகவரியை அனுப்பினார். அப்பாடா என்று முதுகைச் சாய்த்தார்.

மூன்று மணிக்குப் பதிவேட்டில் புது வரி விழுந்தது. கழற்றிய துணைத்தளத்தின் பெயரில் குண்டூசியைக் கேட்டிருந்தார்கள். அப்படியொரு பக்கம் இல்லை என்று சர்வர் பதில் சொல்லியிருந்தது. எந்த இணைப்பிலிருந்து கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்தார். அவருடைய கடை வைஃபை.

வாடிக்கையாளர்களுக்காகச் சுவரில் கடவுச்சொல்லை எழுதி ஒட்டியிருந்தார். காத்திருக்கும் பெஞ்சை எட்டிப் பார்த்தார். பூட்டுக்காரர் மட்டும், பட்டன் வைத்த பழைய போனோடு.

"இங்க வேற யாராவது உட்கார்ந்திருந்தாங்களா?"

"காலைல ஒருத்தர் வந்தாரே சார். என்கிட்ட, உங்க பூட்டு வேலை நல்லாருக்குன்னாரு. சந்துக் கதவைக் காட்டிச் சொன்னாரு."

வைஃபை எதுவரை எட்டும் என்று அவருக்குத் தெரியும். இரும்புப் படியின் மேல்தட்டுவரை எட்டும்.

அடுப்படிக்கு ஓடினார். அலமாரி அசையவில்லை. "என்னங்க இது, தட்டெல்லாம் விழுது," என்ற அண்ணியின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. வெளியே ஓடி, சந்தைச் சுற்றி, படியேறினார். கதவு திறந்திருந்தது. பூட்டு உடையவில்லை, உள்ளேயிருந்து திறந்திருக்கிறார்கள். அறையில் யாருமில்லை. பலகையில் ஒரு வகுத்தல் கணக்கு பாதியில் நின்றது. கம்ப்யூட்டரில் பிள்ளைகளின் முகங்கள், வரிசையாக, சத்தமில்லாமல்.

"மிஸ் எங்கே?" என்றார்.

"கூரியர்னு யாரோ கதவைத் தட்டினாங்க அங்கிள். மிஸ் திறக்கப் போனாங்க," என்றது ஒரு பெண் குழந்தை. "மைக்கை ஆஃப் பண்ணல. எங்களுக்கு எல்லாம் கேட்டுச்சு."

"யாரு வந்தது?"

"தெரியல அங்கிள். ஆனா அவரும் மிஸ்ஸை குண்டூசின்னுதான் கூப்பிட்டாரு."